ஆறரை மணி ஜெபம்

வாசகர் கேள்வி - பதில்: குடியிலிருந்து மீள்வதும் விசுவாசமும்

குடியை விட்டவர்கள், விடப் போராடுகிறவர்கள், அவர்கள் வீட்டார் என்று பலரும் எழுதிய கடிதங்களிலிருந்து பத்தை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கின்றன. பெயர்களை விட்டுவிட்டோம். மருந்துப் பெயர்களைப் படித்துவிட்டு யாரும் நேரே மெடிக்கலில் போய் நிற்க வேண்டாம். அவையெல்லாம் டாக்டர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டியவை.

குடியை நிறுத்தி 38 நாள் ஆகிறது. காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்கிறேன். ஆனால் சாயங்காலம் ஆறரை ஆனால் உடம்பு பரபரக்கிறது. என் விசுவாசத்தில் குறையா? - துறைமுகத் தொழிலாளி, தூத்துக்குடி

விசுவாசத்தில் குறை இல்லை, சகோதரரே. ஜெபத்தின் நேரம்தான் இடிக்கிறது. பல வருடம் ஆறரைக்கு ஊற்றிய உடம்பு ஆறரைக்குத்தான் கேட்கும். ஷிஃப்ட் முடிவது, அந்தத் தெருமுனை, மீன் பொரிக்கிற வாசனை, கூட வருகிறவரின் குரல் என்று ஒவ்வொன்றும் ‘இதோ வரப்போகிறது’ என்று மூளைக்குச் சொல்லிப் பழகியவை. நாலரை மணி ஜெபத்தின் சூடு அதுவரை தாங்காது. ஆறேகாலுக்கு இன்னொரு ஜெபம் வேண்டும். சின்னதாக இருக்கலாம். எந்த இடத்தில், யாரோடு என்பது மட்டும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் வயிறு. எலியா தீர்க்கதரிசி ‘போதும் கர்த்தாவே’ என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டாரே (1 இராஜாக்கள் 19), அப்போது வந்த தூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்தான். தின்றுவிட்டுத் தூங்கவிட்டான். மறுபடி எழுப்பித் தின்னச் சொன்னான். ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்தான். மீட்புக் குழுக்களிலும் பசி, கோபம், தனிமை, அலுப்பு இந்த நாலையும் விசாரித்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார்கள். ஆகவே ஐந்தரை மணிக்கே இரண்டு வாழைப்பழமும் ஒரு கை வறுத்த கடலையும் சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை இருந்தால் பழத்துக்குப் பதில் சுண்டல். வெறும் வயிற்றில் எழும்பும் நினைப்பில் பாதி பசிதான். குடித்துப் பழகிய நாக்குக்கு அது பசியென்று தெரியாது.

பிறகு பாதை. கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் நீங்கள் எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருகிறீர்கள்? 1 கொரிந்தியர் 10:13, சோதனையோடுகூட ‘தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்’ உண்டாக்குவார் என்கிறது. போக்கு என்றால் வழி. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி வேறு தெருவில் நடப்பதும் அந்த வசனத்துக்குள் அடங்கும். சட்டைப் பையில் பஸ் காசும் டீக் காசும் போதும். ஃபோனில் பணம் அனுப்பும் கணக்கில் 200 ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள். சம்பளம் வேறொரு கணக்கில் விழட்டும்.

நினைப்பு வந்தே விட்டால்? அது ஏறும், உச்சியில் கொஞ்சம் நிற்கும், இறங்கும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம். அந்த அரை மணியைக் கடத்த 119ஆம் சங்கீதம் அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. 22 பகுதி, பகுதிக்கு 8 வசனம், ஆக 176. வாய்விட்டு வாசித்தால் இருபது நிமிடமாவது ஆகும். கத்தோலிக்கர் என்றால் 53 மணி ஜெபமாலை. நடந்துகொண்டே சொன்னால் அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். மனதுக்குள் ஜெபித்தால் பாதியில் நினைப்பு திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாய்க்கும் காலுக்கும் கைக்கும் வேலை கொடுங்கள். இன்னொன்று: ‘இந்த ஆசையை எடுத்துப்போடும்’ என்று மட்டுமே இருபது நிமிடம் மன்றாடினால், இருபது நிமிடமும் அந்த ஆசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்வையை வேறு பக்கம் திருப்புகிற ஜெபம்தான் அந்த நேரத்துக்கு உதவும்.

மூன்று பேர் ஃபோன் நம்பர் கையில் இருக்கட்டும். குடித்த பிறகு கூப்பிடுவதில் பிரயோசனம் இல்லை, அதற்கு முன் கூப்பிட வேண்டும். என்ன சொல்வது என்று யோசிக்கவும் வேண்டாம்: “நினைப்பு வந்திருக்கு. குடிக்கல. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.” இது போதும். ஒன்றும் இல்லாத நாளிலும் கூப்பிட்டுப் பேசுங்கள். நெருக்கடியில் முதல்முறையாக நம்பரைத் தேடுகிற கை பெரும்பாலும் ஃபோனைக் கீழே வைத்துவிடும்.

என் வீட்டுக்காரர் தினமும் ஒரு ஆஃப் குடிக்கிறார். மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அங்கேயே தங்கல், தண்ணீர் மட்டும், மாத்திரை கிடையாது. குடியின் ஆவி போய்விடும் என்கிறார்கள். அனுப்பலாமா? - வாசகி, மார்த்தாண்டம்

அனுப்பாதீர்கள், சகோதரி. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கட்டும், ஜெபக்குழு அங்கே வந்து ஜெபிக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. ஆஃப் என்றால் 120 கிராமுக்கு மேல். தினமும் இவ்வளவு வாங்கிப் பழகிய நரம்பு மண்டலம் திடீரென்று ஒன்றும் கிடைக்காமல் போனால் தாறுமாறாக ஓட ஆரம்பிக்கும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நாலாம் நாள் வரை புத்தி தடுமாறி, ஜுரம் ஏறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற நிலை வரலாம். ஆங்கில வைத்தியத்தில் அதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

உபவாசக் கூடத்தில் ஆபத்து இங்கேதான். மூன்றாம் நாள் ராத்திரி அவர் சுவரைப் பார்த்து ‘எலி ஓடுது, எலி ஓடுது’ என்று கத்தினால், சுற்றி நிற்பவர்கள் அதைப் பிசாசு வெளிப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் உரக்க ஜெபிப்பார்கள். அந்த நேரத்தில் கூப்பிட வேண்டியது 108ஐ. முன்பு ஒருதரம் குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் என்றால் இந்த முறை வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆஸ்பத்திரியில் இதற்கு என்ன செய்வார்கள்? நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரையை அதிகமாக ஆரம்பித்து, ஐந்து முதல் பத்து நாளுக்குள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின், ஊசியாகப் போடுவார்கள். இது முக்கியம். வருடக்கணக்காகக் குடிப்பவர் உடம்பில் பி1 காய்ந்து கிடக்கும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் தெம்புக்கென்று வெறும் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் பி1ஐயும் அது உறிஞ்சி மூளையைப் பாதிக்கலாம். ‘தயமின் போட்டுவிட்டுத்தானே ஏற்றுகிறீர்கள்?’ என்று தைரியமாகக் கேளுங்கள். டாக்டரிடம் நாலு விஷயம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: தினம் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா, வேறென்ன மாத்திரை போடுகிறார்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்கென்றே நடப்பது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு எண்ணைக் கூப்பிடலாம்.

பாஸ்டரிடம் சண்டை போட வேண்டாம். ‘பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 9:12). பத்து நாள் வைத்தியம் முடியட்டும், பிறகு நீங்கள்தான் அவரை நடத்த வேண்டும்’ என்று சொல்லுங்கள். நல்ல பாஸ்டர் புரிந்துகொள்வார். அதன்பிறகும் முதல் ஆறு மாதம் உபவாசமும் முழு இரவு ஜெபமும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பசியும் தூக்கக்கேடும் திரும்பக் குடிக்க வைக்கிற இரண்டு பெரிய கதவுகள்.

டாக்டர் டைசல்ஃபிரம் மாத்திரை கொடுத்திருக்கிறார். திருவிருந்தில் ஒரு மிடறு திராட்சரசம்தானே, எடுக்கலாமா? - வாசகர், பாளையங்கோட்டை

பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். சில கோயில்களில் பழத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு. அதில் ஆல்கஹால் இல்லை. சில இடங்களில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு வாரக்கணக்கில் நொதிக்கவைத்தது, அது வைன்தான். டைசல்ஃபிரம் என்பது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது ஒரு மிடறும் கூடாது. முகம் சிவந்து, தலை தெறித்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் விழலாம். மாத்திரையை நிறுத்தினாலும் 14 நாள் வரை இந்த ஆபத்து உண்டு. அப்பத்தை ரசத்தில் தோய்த்துத் தருவதும் இதில் சேர்த்தி. மாத்திரை போடாதவர்களுக்கும், விட்ட புதிதில் அந்த ருசி நாக்கில் படுவதே வம்பு.

சனிக்கிழமையே ஆயரிடம் சொல்லிவிட்டால் அப்பம் மட்டும் தருவார், அல்லது நொதிக்காத ரசத்தைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைப்பார். நொதிக்காத திராட்சைச் சாறு புட்டியில் கிடைக்கத் தொடங்கியதே திருவிருந்துக்காகத்தான். 1869இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் வைத்தியர், சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் காக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கத்தோலிக்கருக்கு இங்கே சிக்கல் குறைவு. வழக்கமாக அப்பம் மட்டும்தான் தருகிறார்கள், அப்பத்திலேயே முழுக் கிறிஸ்துவும் இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. பூசை வைக்கும் குருவே குடியிலிருந்து மீள்பவராக இருந்தால், பிஷப்பின் அனுமதியோடு ‘மஸ்டம்’ என்ற நொதிக்கவிடாத சாற்றைப் பயன்படுத்தலாம் என்று 2003இல் ரோமிலிருந்து வந்த சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

மாத்திரை போடுகிறவர்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை துழாவுங்கள். அரிஷ்டம், சில இருமல் டானிக்குகள், ஹோமியோபதித் திரவச் சொட்டுகள் எல்லாவற்றிலும் ஆல்கஹால் உண்டு.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தெரியாமல் போய்க் குடித்தால் இதயம் பலவீனமானவருக்கு உயிராபத்து.

“கானாவூர்ல இயேசுவே ஊத்திக் கொடுத்தாரு, பவுல் தீமோத்தேயுவைக் குடிக்கச் சொன்னாரு” என்று மச்சான் வாயை அடைத்துவிடுகிறார். என்ன பதில் சொல்ல? - வாசகர், திண்டுக்கல்

பதில் சொல்லாதீர்கள். அவர் வசனத்தை எடுப்பது பேச்சை முடிக்கத்தான். தீமோத்தேயு அதுவரை தண்ணீர் மட்டுமே குடித்தவர், வயிற்று உபாதைக்குக் ‘கொஞ்சம்’ சேர்க்கச் சொல்லியிருக்கிறது என்று நீங்கள் விளக்கினால், அவர் நோவாவைக் கொண்டுவருவார். நல்ல முகத்தோடு இருக்கிற ஒரு காலை நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மச்சான், ஒண்ணோட நிறுத்தணும்னு உக்காந்து, ஒண்ணோட நிறுத்தினது கடைசியா எப்போ?” கேட்டுவிட்டு டீயைக் குடியுங்கள்.

ஏஏ கூட்டத்தில் ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்கிறார்கள். இயேசுவின் பெயரே வருவதில்லை. கிறிஸ்தவன் போகலாமா? - வாசகர், வேலூர்

போகலாம், போங்கள் என்றே சொல்வோம். ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் சுயஉதவிக் குழு, பிறந்தது 1935இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில். பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10தான் அதன் பிறந்தநாள். இருவரும் அப்போது ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருந்தவர்கள். லுத்தரன் போதகர் ஃபிராங்க் புக்மன் தொடங்கியது அது. ஆக்ரனில் யாக்கோபு நிருபத்தை அவர்கள் அவ்வளவு வாசித்தார்கள், குழுவுக்கே ‘ஜேம்ஸ் கிளப்’ என்று பெயர் வைக்கலாமா என்ற பேச்சுகூட வந்தது. 1939இலிருந்து அங்கே புனித தோமா மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டவர் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி. எந்த மதத்தாரும், மதமே இல்லாதவரும் வர வேண்டும் என்றுதான் பிற்பாடு அந்தச் சொற்றொடர் வந்தது.

ஏஏயின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, செய்த தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. யாக்கோபு 5:16 அப்படியே இருக்கிறது, ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’. நம்மவர்கள் பலரும் தடுக்கி விழுவது இந்த மூன்றாவது ஆளிடம்தான். ஆண்டவரிடம் சொல்லிவிட்டேனே என்பார்கள். ஆண்டவருக்கு முன்பே தெரியும். மனிதனிடம் சொல்லும்போதுதான் ஒளித்து வைத்தது ஒளிப்பாக இல்லாமல் போகும். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது எக்காரணத்தாலும் வெளியே போகாது, அது திருச்சபைச் சட்டம். மற்ற பல சபைகளில் அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லாததால், வாய் கெட்டியான ஆளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் மட்டும் இருந்தால் போதும். புதியவர்களுக்கு 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். எல்லா ஊரிலும் அது முடியாது, வாரத்துக்கு மூன்று கூட்டமாவது வையுங்கள். ஸ்பான்சர் என்ற வழிகாட்டி ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், குறைந்தது ஒரு வருடம் குடிக்காதவராக இருக்க வேண்டும். அங்கே போய்ப் பிரசங்கம் மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கடவுள் யார் என்பது உங்களுக்குத் தெரியும், அது போதும்.

தவக்காலம் முழுக்க அவர் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. ஈஸ்டர் மதியம் கறிச்சோற்றோடு ஆரம்பித்துவிடுகிறார். நாற்பது நாள் இருக்க முடிகிறவர் எப்படி அடிமை என்கிறார். - வாசகி, திருச்சி

திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. அவர் ஞாயிற்றுக்கிழமையும் தொடாதவர் என்றால் அவர் சொல்வதைவிட ஆறு நாள் கூடவே இருந்திருக்கிறார். அதை முதலில் பாராட்டுங்கள்.

ஆனால் நிறுத்த முடிவது ஒன்று, நிறுத்தியபடியே இருக்க முடிவது இன்னொன்று. கெடு வைத்துத் தள்ளிப்போடுகிறவர் மனசு 46 நாளும் அந்த ஞாயிறு மதியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மத்தேயு 12இல் பெருக்கி ஜோடித்து வெறுமையாக விட்ட வீட்டுக்கு, வெளியே போன அசுத்த ஆவி இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிற கதை இருக்கிறதே, அது இதுதான். குடி இருந்த இடத்தில் வேறெதையும் குடிவைக்கவில்லை. உடம்புக்கும் ஆபத்து: இத்தனை நாளில் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவை ஒரே மூச்சில் ஊற்றினால் பழைய மாதிரித் தாங்காது.

கெடுவையே படியாகப் பயன்படுத்தலாம். டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட் 1884இல், 28 வயதில், முதலில் மூன்று மாதத்துக்குத்தான் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். பிறகு அதை நீட்டினார். 1925இல் சாகும்வரை 41 வருடம் தொடவில்லை. சாராயக்கடையில் கழித்த மாலை நேரத்தைக் கோயிலில் கழித்தார், கையில் காசு வைத்துக்கொள்வதில்லை என்று வைத்துக்கொண்டார். திருச்சபை 1975இல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. உங்கள் வீட்டுக்காரரிடம் ஆயுளுக்கும் கேட்காதீர்கள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று, பெந்தெகொஸ்தே திருநாள் வரை மட்டும் நீட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்னும் ஏழு வாரம். ஈஸ்டர் மதியச் சாப்பாட்டை வழக்கமான கூட்டாளிகள் இல்லாத வேறு வீட்டில் வையுங்கள்.

குடியை விட்டு 30 நாள்தான். கன்வென்ஷனில் மேடையேறிச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். - வாசகர், நாசரேத்

ஒரு வருடம் கழியட்டும் என்று சொல்லுங்கள். மேடையில் ஆயிரம் பேர் ‘அல்லேலூயா’ சொன்ன மறுநாள், ஊரே உங்களை விடுதலையானவர் என்று எண்ணிக்கொள்ளும். அதன்பிறகு ‘இன்றைக்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? சறுக்கினால் ஒளித்துக் குடிப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்றால் நாலு பேர் இருக்கிற வீட்டு ஜெபக் கூட்டத்தில் சொல்லுங்கள். குடித்த கதையைச் சுருக்கி, இன்றைக்கு என்ன செய்தேன் என்பதை நீட்டிச் சொல்லுங்கள்.

ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே என்று பொறுத்துப் பொறுத்து நகை எல்லாம் அடகில். இப்போது ஐந்து மாதமாகக் குடிப்பதில்லை, ஏ.டி.எம். கார்டைத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் நான் மன்னிக்கவில்லை என்று ஆகுமா? - வாசகி, கடலூர்

மன்னிப்பு வேறு, ஏ.டி.எம். கார்டு வேறு, அம்மா. மன்னிப்பை இன்றைக்கே கொடுக்கலாம். நம்பிக்கை மாதத் தவணையில்தான் திரும்பும். ஒரு வருடம் வரை கணக்கு உங்கள் கையில் இருப்பது அவருக்கும் நல்லது. காசு கையில் இருப்பதே பலருக்கு நினைப்பைக் கிளப்பிவிடும். அதை அவமானமாக இல்லாமல் ஏற்பாடாகச் செய்யுங்கள். ஞாயிறு மதியம் இருவரும் உட்கார்ந்து வாரச் செலவை ஒரு நோட்டில் எழுதி, அவர் செலவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுங்கள்.

கடன் பட்டியலை அவரே எழுத வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்த மாதம் வாங்கியது, வட்டி எவ்வளவு. சகேயு வாயால் மன்னிப்புக் கேட்டதோடு நிற்கவில்லை, நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19:8). உங்கள் வீட்டில் நாலத்தனை வேண்டாம், மாதம் 500 ஆனாலும் அவர் கையால் போய்க் கட்ட வேண்டும். முதலில் கந்துவட்டி, பிறகு அடகு நகை. பார் பாக்கி, கைமாற்று என்று நீங்கள் ரகசியமாக அடைத்துக்கொண்டே இருந்தால், குடியின் விலை என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்வதும் அதே ரகம்.

இதை ஒட்டி எழுதிய இன்னும் சிலருக்கு: அடி விழுகிற வீட்டில் மன்னிப்பு வசனம் உங்களைக் கட்டிப்போடாது. பிள்ளைகளோடு வெளியே வந்து 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஜெபத்தை அம்மா வீட்டிலிருந்தும் செய்யலாம். குடிப்பவர் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன; அவர் குடியை விடாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

எட்டு மாதம் தொடாமல் இருந்தேன். அண்ணன் மகன் கல்யாணத்தில் ஒரு பீர். பிறகு நாலு நாள் நிற்கவில்லை. நேற்று நிறுத்தினேன். கோயில் வாசலை மிதிக்கக் கூச்சமாக இருக்கிறது. - வாசகர், கோவை

முதலில் உடம்பு. நடுக்கமோ வியர்வையோ இருந்தால் இன்றே ஆஸ்பத்திரி. வீட்டில் பழைய டைசல்ஃபிரம் இருந்தால் ஆத்திரத்தில் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் அதைத் தொடவே கூடாது, டாக்டரைக் கேட்காமலும் கூடாது.

அடுத்தது, இன்று ராத்திரிக்குள் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்பான்சர், ஆயர், அண்ணன், யாரானாலும் சரி. நாளை என்றால் நாளைக்குள் இன்னொரு குவார்ட்டர் வந்துவிடும். ‘நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்’ என்கிறது நீதிமொழிகள் 24:16. எட்டு மாதம் எங்கேயும் போய்விடவில்லை. அந்த எட்டு மாதத்தில் கற்றது கையில் இருக்கிறது.

இரண்டு நாள் தெளிந்த பிறகு ஒரு தாளை எடுத்துப் பின்னோக்கி எழுதுங்கள். பீரை நீட்டியது யார்? அப்போது மணி என்ன? சாப்பிட்டிருந்தீர்களா? கல்யாணத்துக்கு யாரோடு போனீர்கள்? அதற்கு முந்தைய வாரம் கூட்டத்துக்குப் போனீர்களா? ஸ்பான்சரோடு பேசியது எப்போது? பெரும்பாலும் பீருக்கு மூன்று நாலு வாரம் முன்பே ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கும். முதலில் கழன்றது எதுவோ அதை முதலில் பிடியுங்கள்.

ஞாயிறு கோயிலுக்குப் போங்கள், விஷயம் தெரிந்த அந்த ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அழைப்புக் கொடுக்கும்போது அழுதுகொண்டே முன்னால் ஓட வேண்டாம். ஒவ்வொரு சறுக்கலுக்கும் புதிதாக ரட்சிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உணர்ச்சி வேகம் புதன்கிழமைக்குள் வடிந்துவிடும், தாளில் எழுத வேண்டியது எழுதப்படாமலே கிடக்கும்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையை நினைத்தாலே பயம். கேரல் ரவுண்ட்ஸ் வேறு. என் மகன் விட்டு நாலு மாதம். - ஒரு தாய், சென்னை

கேரல் ரவுண்ட்ஸை இந்த வருடம் விடச் சொல்லுங்கள். பாட்டு ஒன்றும் செய்யாது; இரண்டு பாட்டுக்கு நடுவே வேன் ஓரமாக ஒதுங்குகிற கூட்டம்தான் வம்பு. ரம்மில் ஊறவைத்த பழம் போட்ட கேக், வீட்டு வைன் இரண்டும் உங்கள் வீட்டில் வேண்டாம். ஆரஞ்சுச் சாற்றில் உலர் பழத்தை ஒரு ராத்திரி ஊறவைத்தாலும் கேக் நன்றாக வரும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வந்தால் ரம் போட்டதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

31ஆம் தேதி ஆராதனை அவனுக்கு நல்ல இடம், முடிந்து வெளியே வரும் ஒரு மணிதான் கெட்ட நேரம். தெருவெல்லாம் கொண்டாட்டம், பழைய கூட்டாளிகள் பைக்கோடு நிற்பார்கள். இரவு எட்டரைக்கு நன்றாகச் சாப்பிட வையுங்கள். பைக்கில் போக வேண்டாம். போகவர உங்களோடு ஒரே ஆட்டோ, டிரைவரிடம் மதியமே பேசி வையுங்கள். பன்னிரண்டரைக்கு அவன் ஸ்பான்சர் அவனைக் கூப்பிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். ஃப்ளாஸ்க்கில் சூடாகச் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போங்கள். ஆட்டோவில் ஏறினதும் அவன் கையில் டம்ளரைக் கொடுங்கள்.